தூண்டில் பிடித்தவரும் துடுப்புப் போட்டவரும்

வேலூரை அடுத்த அணைக்கட்டு ஊரிலிருந்து கடல் ஏறக்குறைய 150 கி.மீ. தொலைவில் இருக்கிறது. வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக் குடும்பங்களுக்கு மீன் என்றால் இரண்டு வகைதான். ஒன்று ஏரி மீன்: விரால், கெண்டை, கெளுத்தி. மற்றொன்று காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் ஏறி விடியலுக்குள் வந்து இறங்கும் கடல் மீன். பெரிய படகை வாடகைக்கு அமர்த்தி, ஆழ்கடலுக்குப் போய், ராடும் ரீலுமாக ஒரு மீனோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுவது என்பது இங்கே பலர் திரையில் மட்டுமே கண்ட காட்சி. ஆனால் அந்த விளையாட்டு இந்தியாவுக்குள் நுழைந்த வழி கடல்வழி அல்ல. ஆறும் ஏரியும்தான் அதற்கு முதல் வாசல்.

ஹென்றி சல்லிவன் தாமஸ் சென்னை ராஜதானியின் சிவில் சர்வீஸ் அதிகாரி. தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்தவர். அவர் 1873ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். மஹசீர் மீனைப் பற்றி அவர் சொன்ன தீர்ப்பு இங்கிலாந்துத் தூண்டில்காரர்களை நிமிர்ந்து உட்கார வைத்தது. ஒரே எடையுள்ள மஹசீரையும் சால்மனையும் எதிரெதிரே வைத்தால், இழுவையில் மஹசீரே மேல் என்றார் அவர். 1887ல் ஏரித் தூண்டிலுக்கென்றே ‘டேங்க் ஆங்லிங் இன் இந்தியா’ என்று தனியாக இன்னொரு புத்தகமும் எழுதினார். மலையாற்றுக்குப் போக விடுப்புக் கிடைக்காத அதிகாரிக்கு, முகாமுக்குப் பக்கத்திலேயே ஓர் ஏரிக்கரை உண்டு என்பதுதான் அதன் சாரம்.

காவிரியில் இந்த ஆட்டம் பெரிதாக வளர்ந்தது. 1919ல் மேஜர் ரிவெட்-கார்னக் 119 பவுண்டு மஹசீர் ஒன்றைப் பிடித்தார். 1946ல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் கபினியில் 120 பவுண்டு மீனைக் கரையேற்றினார். இந்த எடைகளெல்லாம் தூண்டில் பிடித்தவர் பெயரிலேயே பதிவாகியிருக்கின்றன. பாறைக்கும் சுழலுக்கும் நடுவே பரிசலை நிறுத்தி வைத்தவர் யார்? எந்த மடுவில் மீன் கிடக்கும் என்று சொன்னவர் யார்? இவர்களைத் தேடினால் பெயர் கிடைப்பது அரிது. 1970களின் கடைசியில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு சிறு குழு, காவிரியில் பெரிய மஹசீர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று வெளியுலகுக்குக் காட்டியது. அதன்பின் முளைத்த தூண்டில் முகாம்களைத் தாங்கியவர்கள் ஆற்றங்கரைக் கிராமத்து ஆட்கள். முன்பு வெடி வைத்து மீன் பிடித்தவர்கள்கூட வழிகாட்டிகளாக மாறினார்கள். கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்து, எலுமிச்சை அளவு உருண்டையாக முள்ளைச் சுற்றி அப்பி, அதை நீரோட்டத்தில் எந்தப் பாறைக்குப் பின்னால் இறக்க வேண்டும் என்று அவர்கள் விரலை நீட்டிக் காட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த ராடு அந்த விரல் போகும் திசையில் போயிற்று.

கடலிலும் இதே கதைதான் நடந்தது.

கலிஃபோர்னியாவுக்கு எதிரே இருக்கும் சாண்டா கேட்டலினா தீவில், 1898ல், சார்லஸ் ஃபிரெடரிக் ஹோல்டர் 183 பவுண்டு சூரை மீனை ராடும் ரீலும் கொண்டு பிடித்தார். போராட்டம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் நீடித்தது. அதே ஆண்டு அங்கே டூனா கிளப் தொடங்கியது. நூல் இவ்வளவு தடிமனுக்கு மேல் போகக்கூடாது, தூண்டில்காரரே பிறர் கை படாமல் மீனைக் கொண்டுவர வேண்டும் என்றெல்லாம் விதி எழுதினார்கள். கடல் மீன்பிடி விளையாட்டாக ஆனது இந்த விதிகளால்தான். அந்தக் கால ரீலில் மீன் பாய்ந்து ஓடினால் கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரல் முட்டிகளை நொறுக்கும். 1913ல் தூண்டில்காரர் வில்லியம் பாஷனின் யோசனையை வைத்து, ஜூலியஸ் வாம் ஹோஃப் உள்ளேயே தடை அமைந்த ரீலைச் செய்து கொடுத்தார். நூல் ஓடும், கைப்பிடி ஓடாது. அதே 1913ல் பாஷன் உலகிலேயே முதன்முதலாக ராடும் ரீலும் கொண்டு வாள்மீனைப் பிடித்தார்.

பாஷனைக் கடலுக்குக் கூட்டிப்போனவர் ஜார்ஜ் ஃபார்ன்ஸ்வொர்த் என்ற படகுக்காரர். கேட்டலினாச் சூரை, படகின் நிழலைக் கண்டாலே ஒதுங்கிவிடும். சூரைக்குப் பிடித்த இரை கோலா மீன். நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் தாவிச் செல்வது கோலாவின் இயல்பு. ஃபார்ன்ஸ்வொர்த் ஒரு பட்டத்தைப் பறக்கவிட்டு, அதன் கயிற்றிலிருந்து தூண்டில் நூலைத் தொங்கவிட்டார். முள்ளில் கோர்த்த கோலா, படகிலிருந்து வெகு தூரத்தில், உயிருள்ளதைப் போலவே அலைமேல் தாவிச் சென்றது. சூரை ஏமாந்தது. பட்டம் கட்டிப் பிடிக்கும் இந்த முறை இன்றும் ஆழ்கடல் வாடகைப் படகுகளில் உயிரோடு இருக்கிறது. புகழ் பெற்ற பல மீன்கள் இப்படி ஒரு படகுக்காரரின் மூளையால்தான் மாட்டின.

எழுத்தாளர் ஹெமிங்வே விஷயத்திலும் அப்படித்தான். 1934ல் அவர் வாங்கிய ‘பிலார்’ 38 அடிப் படகு. அதில் முதலில் துணைக்கு இருந்தவர் கார்லோஸ் குட்டியெரெஸ் என்ற கியூபா மீனவர். தனியாகப் போன ஒரு கிழவர் பெரிய மார்லினை மாட்டி, சுறாக்களிடம் அதைப் பறிகொடுத்த கதையைச் சொன்னவர் இந்தக் கார்லோஸ்தான். ஹெமிங்வே 1936ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் அதை எழுதினார். ‘கிழவனும் கடலும்’ நாவல் 1952ல் வந்தது. மீன் எங்கே வரும் என்பதை மட்டுமல்ல, எழுதுவதற்கான கதையையும் படகு ஆளே கொடுத்திருக்கிறார்.

1939ல் தூண்டில் மீன்பிடியின் உலகளாவிய சாதனைப் பதிவுகளைக் காக்க ஐ.ஜி.எஃப்.ஏ. அமைப்பு உருவானது. 1953 ஆகஸ்டில் பெரு நாட்டின் காபோ பிளாங்கோவில் ஆல்ஃபிரட் கிளாசல் பிடித்த 1,560 பவுண்டு கறுப்பு மார்லின் இன்றுவரை முறியாத சாதனை.

இப்போது நம் கரைக்கு வருவோம். மார்லினை நம் மீனவர்கள் கொப்பரன் என்பார்கள். முதுகில் பாய் விரித்த அதன் உறவுக்கார மீன் மயில் மீன். இவை இரண்டும், சூரையும் வஞ்சரமும் பாரையும், நம் கடலுக்குப் புதியவை அல்ல. பாய் விரித்து ஓடும் கட்டுமரத்தின் பின்னால் தூண்டிலை இழுத்துப் போய் வஞ்சரம் பிடித்தவர்கள் நம் மீனவர்கள். இன்றைய வாடகைப் படகு இன்ஜின் போட்டுச் செய்கிற அதே வேலைதான் அது. கட்டுமரம் என்பது லேசான மரத் துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த தெப்பம். கரை வந்ததும் கட்டை அவிழ்த்து, நீர் ஊறிய மரத்தை மணலில் காயவைத்து, மறுநாள் மீண்டும் கட்டுவார்கள். அதில் அமர்ந்து மயில் மீனைக் கையாலேயே இழுத்தவருக்கு ரீலும் கிடையாது, தடையும் கிடையாது. கையில் சுற்றிய கயிறு சதையை அறுக்காமல் எந்த நொடியில் விட வேண்டும், எந்த நொடியில் இழுக்க வேண்டும் என்ற கணக்கு மட்டுமே அவர் கருவி.

கடலடியில் பாறை இருக்கும் இடத்தைப் ‘பார்’ என்பார்கள். கலவாவும் பாரையும் கூடும் இடம் அது. கரையே மெல்லிய கோடாகத் தெரியும் தொலைவில், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பாருக்கு நேர் மேலே தெப்பத்தை நிறுத்துவது எப்படி? மாதா கோயில் உச்சியும் அதன் பின்னால் உள்ள மலை முகடும் ஒரே கோட்டில் வர வேண்டும். வேறொரு பக்கத்தில் ஒரு தென்னந்தோப்பும் இன்னொரு குன்றும் ஒன்றையொன்று மறைக்க வேண்டும். இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே பார். குமரிக் கரையில் இதைக் கணிச்சம் என்பார்கள். தகப்பன் மகனுக்கு மட்டும் சொன்ன கணிச்சங்கள் உண்டு. ஜி.பி.எஸ். வந்தபின் அந்தப் பார்கள் எண்களாக மாறிவிட்டன. ஆனால் அவற்றைக் கண்டுபிடித்த உழைப்பு தலைமுறைகளுடையது.

சோழமண்டலக் கரையின் கோலாப் பிடிப்பு இன்னும் வியப்பானது. கோடையில், கரை மறையும் தொலைவுக்குப் போய், இலைதழைக் கட்டுகளைக் கயிற்றில் கட்டி மிதக்கவிடுவார்கள். கோலா முட்டையில் நூல் போன்ற ஒட்டும் இழைகள் உண்டு. எதிலாவது பற்றிக்கொண்டால்தான் முட்டை பிழைக்கும். நடுக்கடலில் பற்றுவதற்கு என்ன இருக்கிறது? அதனால் தழைக் கட்டைக் கண்டதும் கோலா கூட்டம் கூட்டமாக வந்து மொய்க்கும். அப்படியே கைவலையால் அள்ளிவிடலாம். மீனின் தேவையை இவ்வளவு நுட்பமாகப் படித்த அறிவுக்கு நாகப்பட்டினம் பகுதி பேர்போனது. சென்னை மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920களில் இதை நேரில் பார்த்து ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். கேட்டலினாவில் பட்டம் பறந்ததும் இங்கே தழைக் கட்டு மிதந்ததும் ஏறத்தாழ ஒரே காலம். ஃபார்ன்ஸ்வொர்த்தின் பெயர் தூண்டில் வரலாற்றில் நிலைத்துவிட்டது. தழைக் கட்டை முதலில் மிதக்கவிட்டவரின் பெயர் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

ஹார்னெல் பணியாற்றிய மீன்வளத் துறையைத் தொடங்கி வைத்தவர் சர் ஃபிரெடரிக் நிக்கல்சன். கூட்டுறவுச் சங்கங்களுக்கு வித்திட்ட அதே நிக்கல்சன்தான். 1905ல் மீன்பிடித் தொழிலை ஆராயும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1907ல் துறை உருவானது. நீராவி இழுவைக் கப்பல்களை ஒரேயடியாக இறக்குவதைவிட, இருக்கிற மீனவரையும் அவரது படகையும் படிப்படியாக உயர்த்த வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அந்தப் பொறுமை பின்னால் வந்தவர்களுக்கு இல்லாமல் போனது பெரிய இழப்பு.

1980களில் வெளிநாட்டுக் கப்பல்களை வாடகைக்கு எடுத்து நம் ஆழ்கடலில் மீன்பிடிக்க அரசு அனுமதித்தது. 1991ல் கூட்டு முயற்சிக் கொள்கையும் சேர்ந்தது. தாமஸ் கோச்சேரி போன்றோர் தலைமையில் மீனவர்கள் எதிர்த்து எழுந்தார்கள். 1994ல் நாடு முழுவதும் கரையோரத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. அதன் விளைவாக அமைந்த முராரி குழு 1996ல் 21 பரிந்துரைகளைத் தந்தது. அந்த உரிமங்களைப் புதுப்பிக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஆழ்கடல் நமக்கும் எட்டும் என்று மீனவர்கள் அப்போது சொன்னது வெறும் பேச்சல்ல. அதற்குக் கண்முன்னே சான்று இருந்தது.

அந்தச் சான்று தூத்தூர். நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரை குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் அடுத்தடுத்து எட்டு ஊர்கள். ஒரே கயிற்றில் நூற்றுக்கணக்கான முள் கட்டிச் சுறா பிடிப்பதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. கொச்சியைத் தளமாக வைத்து, லட்சத்தீவு தாண்டி, குஜராத் கடல் வரை, மாதக்கணக்கில் தங்கிப் பிடிப்பவர்கள். 2001 ஜூலையில் எல்லாச் சுறா, திருக்கை இனங்களையும் பிடிக்க மத்திய அரசு தடை விதித்தபோது இந்த ஊர்களின் அடுப்பே அணையும் நிலை வந்தது. எதிர்ப்புக்குப் பின் அந்த டிசம்பரில் தடை சில இனங்களோடு சுருக்கப்பட்டது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது இவர்கள் நடுக்கடலில் இருந்தார்கள். எச்சரிக்கை எட்டாத தொலைவு அது. எட்டு ஊர்களிலும் துக்கம் விழாத தெரு இல்லை.

கடலுக்குப் பொழுதுபோக்குக்காகப் போகிறவர்களுக்கு இன்று அந்தமான் முக்கியத் தளம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் வாடகைப் படகுகள் புறப்படுகின்றன. பெரும்பாரைக்காகப் பாறை ஓரங்களில் மிதக்கும் பொய்யிரையை வீசி இழுக்கிறார்கள். இந்தியாவின் ஒரே உயிருள்ள எரிமலையான பேரன் தீவைச் சுற்றியுள்ள ஆழத்தில் சூரையைத் தேடுகிறார்கள். பிடித்த பாரையை விட்டுவிடுவது இங்கே வழக்கம். கொக்கியின் எதிர்முள்ளை நசுக்கிவிட்டு, ஈரக்கையால் மீனைத் தாங்கி, செவுளில் நீர் பாயும்படி தலையை நீரோட்டத்துக்கு எதிரே வைத்துப் பிடித்து, வால் தானாக உதைக்கும்போது கையை எடுக்கிறார்கள். வண்டூர் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் தூண்டிலே போடக் கூடாது.

புதுச்சேரியிலும் சென்னையை அடுத்த கோவளத்திலும் ஃபைபர் படகுக்காரர்கள் வார இறுதியில் நகரத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். வேலூரிலிருந்து கிளம்பினால் ஒரு பகலில் போய் வரலாம். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. பெரிய படகுகளில் கூலிக்குப் போகிறவர்களின் கையில் அந்த நாட்களில் வேலை இருப்பதில்லை. பார் எங்கே, கோலா எப்போது, கச்சான் காற்று திரும்பும் நேரம் எது என்று அறிந்தவர்கள் அவர்கள். தூண்டில் சுற்றுலாவை முறைப்படுத்த அரசு நினைத்தால், உயிர்காப்பு உடையும் வயர்லெஸும் காப்பீடும் கொடுத்து, உரிமத்தை முதலில் அவர்கள் பெயருக்கே எழுத வேண்டும். பிடித்த மீனின் எடையைக் குறிக்கும் பதிவேட்டில் தூண்டில்காரர் பெயருக்குப் பக்கத்தில் படகோட்டியின் பெயருக்கும் ஒரு கட்டம் வேண்டும்.