செம்பனையும் கிரேக்க எழுத்துகளும்

1917-இல் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமாரம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே செம்பனை நட்டார். மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். 1980-இல் கோலாலம்பூரில் செம்பனை எண்ணெய்க்கு முன்பேரச் சந்தை வந்தது. 2012-இல் அதன்மேல் ஆப்ஷன்.

ஆப்ஷன் என்பது முன்பணம் கட்டி வாங்கும் உரிமை, கட்டாயம் கிடையாது. அதன் ஆபத்தை அளக்க நாலு பெயர்கள். எண்ணெய் விலை ஒரு ரிங்கிட் அசைந்தால் ஆப்ஷன் விலை எவ்வளவு அசையும்? அது டெல்டா. ஒப்பந்தம் ஒன்றுக்கு 25 டன், டெல்டா 0.4 என்றால், டன்னுக்கு 100 ரிங்கிட் ஏறும்போது ஏறக்குறைய 1,000 ரிங்கிட் லாபம். அந்த டெல்டாவே மாறும் வேகம் காமா. விலை அசையாவிட்டாலும் நாள்தோறும் கரைவது தீட்டா. சந்தையின் பதற்றம் மாறினால் ஆப்ஷன் விலை எவ்வளவு அசையும் என்பதை அளப்பது வேகா. வேடிக்கை என்னன்னா, வேகா கிரேக்க எழுத்தே இல்ல.

சபாக்கில் குலை வெட்டியவருக்கு இதில் என்ன இருக்கு? தோட்டத் தொழிலாளர் சங்க ஒப்பந்தங்களில் ‘விலை போனஸ்’ இருந்தது. எண்ணெய் விலை ஏறினால் கூடுதல் காசு. இறங்கினால் அடிப்படைச் சம்பளம் மட்டும். கணக்காகப் பார்த்தால் அதுவும் ஓர் ஆப்ஷன்தான். சும்மா கிடைத்ததல்ல. குறைந்த அடிப்படைச் சம்பளமே அதன் முன்பணம். அந்தத் தீட்டாவை நாள்தோறும் கட்டியவர்கள் நம் தாத்தா பாட்டிகள்.