1895 வெள்ளி டாலர்: மெய்யறிதலில் முகப்பு அச்சின் இடம்

1895 என்று ஆண்டு பொறித்து, அக்கசாலைக் குறி எதுவும் இல்லாமல் இருக்கும் மார்கன் வெள்ளி டாலர்களில் ஐயமற மெய்ப்பிக்கப்பட்டவை எல்லாம் பிலடெல்பியா அக்கசாலை சேகரிப்பாளருக்காக அடித்த புரூஃப் நாணயங்களே. அவற்றின் எண்ணிக்கை 880. அமெரிக்க அரசு வெள்ளி வாங்குவதை 1893இல் நிறுத்திவிட்டதால் 1895இல் டாலர் உற்பத்தி எங்குமே குறைவுதான். எனினும் அந்த ஆண்டில் நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலை 4,50,000 டாலர்களையும், சான் பிரான்சிஸ்கோ அக்கசாலை 4,00,000 டாலர்களையும் புழக்கத்துக்கு அடித்தன. இவற்றைப் பிலடெல்பியா நாணயத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டும் குறி மிகச் சிறியது. பின்பக்கத்தில், இலை வளையத்தின் முடிச்சுக்குக் கீழே O அல்லது S என்று ஓர் எழுத்து இருக்கும். பிலடெல்பியா நாணயத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கும். அந்த ஓர் எழுத்தைச் சுரண்டி எடுத்தால் சாதாரண நாணயம் அரிய நாணயமாகத் தோற்றம் கொள்ளும். விலையும் பல மடங்கு ஏறும்.

இந்த மோசடியைப் பிடிக்க முனைவோர் பொதுவாகச் சுரண்டப்பட்ட இடத்தையே தேடுகிறார்கள். தேட வேண்டிய இடந்தான் அது. ஆனால் மோசடிக்காரன் தன் திறமை முழுவதையும் செலவழித்திருப்பதும் அங்கேதான். அவன் கை வைக்காத முகப்புப் பக்கம் அதைவிட உறுதியான சான்றைத் தாங்கி நிற்கிறது. மெய்யறிதல் அங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அச்சுகள் உருவான முறையைப் பார்த்தால் காரணம் விளங்கும். எல்லா அக்கசாலைகளுக்கும் அச்சுகளைச் செய்தது பிலடெல்பியாதான். ஜார்ஜ் டி. மார்கன் வடித்த சுதந்திர தேவியின் தலை தாய் அச்சிலிருந்து ஒவ்வொரு வேலை அச்சுக்கும் மாற்றமின்றி இறங்கியது. ஆண்டு எண் மட்டும் அப்படி இறங்கவில்லை. நான்கு இலக்கங்களும் சேர்ந்த ஓர் உளியை ஒவ்வொரு அச்சிலும் தொழிலாளி தனித்தனியே வைத்து அடித்தார். அதனால் 1895 என்ற எண் ஓர் அச்சில் சற்று இடப்புறமும் இன்னொன்றில் சற்று வலப்புறமும் நகர்ந்திருக்கும். ஒன்றில் விளிம்பை நெருங்கியும் மற்றொன்றில் விலகியும் இருக்கும். விளிம்பை ஒட்டி ஓடும் பல்வரிசையில் எந்தப் பல்லுக்கு நேர் மேலே 1 நிற்கிறது, 5இன் அடிவளைவு எங்கே முடிகிறது என்று பார்த்தால் அச்சு எது என்று சொல்லிவிடலாம். அக்கசாலைக் குறியும் இப்படிக் கையால் அடிக்கப்பட்டதே. ஆனால் அது பின்பக்க அச்சில் இருந்தது. நியூ ஆர்லியன்ஸ் டாலரின் O எழுத்தை எவ்வளவு நேர்த்தியாக நீக்கினாலும், அதன் முகப்பில் இருப்பது நியூ ஆர்லியன்சுக்கு அனுப்பப்பட்ட அச்சின் ஆண்டு எண்தான். 880 நாணயங்களை அடிக்க மிகச் சில முகப்பு அச்சுகளே போதுமாக இருந்தன. அவற்றின் ஆண்டு எண் அமைப்போடு பொருந்தாத நாணயம் எவ்வளவு பளபளத்தாலும் பிலடெல்பியா புரூஃப் என்று கொள்ளத் தக்கதன்று.

எடையும் உலோகமும் இங்கே கைகொடுக்கமாட்டா. மார்கன் டாலரின் எடை 26.73 கிராம், விட்டம் 38.1 மில்லிமீட்டர், வெள்ளி 90 விழுக்காடு, ஒப்படர்த்தி ஏறத்தாழ 10.34. ஈயக் கலவையில் வார்த்த போலியையும், வெள்ளி முலாம் பூசிய செம்புப் போலியையும் தராசு உடனே காட்டிக்கொடுக்கும். எழுத்து சுரண்டப்பட்ட நாணயமோ அரசு அக்கசாலையிலேயே அடிக்கப்பட்ட அசல் நாணயம். நீரில் அமிழ்த்தி நிறுத்தாலும், எக்ஸ்-கதிர்க் கருவி கொண்டு ஆராய்ந்தாலும் அது தேறிவிடும். ‘எடை சரியாக இருக்கிறது’ என்ற ஒரே ஆறுதலில் பெருந்தொகையைக் கொடுப்பவர், இந்த மோசடிக்குச் சற்றும் பொருந்தாத சோதனையை நம்புகிறார்.

கண்ணாடிப் பளபளப்பும் அப்படியே. புரூஃப் நாணயத்துக்கு அச்சையும் வெற்று வில்லையையும் மெருகிட்டு, மிகுந்த அழுத்தத்தில் அடிப்பார்கள். தளம் கண்ணாடி போலிருக்கும். எழுத்துகளும் விளிம்பும் சதுர முனையோடு எழும்பி நிற்கும். ஆனால் புதிதாகத் தேய்த்து மெருகிட்ட அச்சில் முதலில் அடிபட்ட புழக்க நாணயங்களிலும் ஆழ்ந்த கண்ணாடித் தளம் உண்டு. மார்கன் வரிசையில் அத்தகையவை ஏராளம். அப்படிப்பட்ட ஒன்றின் குறியை நீக்கினால் பழகாத கண் ஏமாந்துவிடும். தளத்தைவிட விளிம்பே இங்கு நம்பத் தக்கது. புழக்க நாணயத்தில் விளிம்பின் உட்கரை சற்று உருண்டிருக்கும். புரூஃபில் கத்தி வைத்து அறுத்ததுபோல் இருக்கும்.

சுரண்டிய இடத்தைப் பத்து மடங்கு லென்ஸில், விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்க்க வேண்டும். புழக்க நாணயத்தில் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி உலோகம் ஓடிய நுண்கோடுகள் கதிர்களாகப் பரந்திருக்கும். முடிச்சுக்கும் DOLLAR என்ற சொல்லின் முதலிரு எழுத்துகளுக்கும் இடைப்பட்ட சிறு பரப்பில் மட்டும் அந்தக் கோடுகள் அறுந்து, ஒரு மெல்லிய குழிவோ மழமழப்போ தெரிந்தால் அங்கே கருவி பட்டிருக்கிறது. இதை மறைக்க நாணயம் முழுவதையும் மெருகிடுவதும், கந்தகச் சேர்மங்களால் செயற்கைக் கறுப்பு ஏற்றுவதும் உண்டு. அப்போது நுண்கோடுகள் எங்குமே இரா. பின்பக்கச் சான்று அழிந்துபோகும். எந்த மெருகும் முகப்பிலுள்ள ஆண்டு எண்ணை இடம் மாற்றிவிடாது.

இதே நெறியை வேறிரு டாலர்களிலும் காணலாம். 1893இல் சான் பிரான்சிஸ்கோ அடித்தவை 1,00,000 மட்டுமே. அவை எல்லாம் ஒரே முகப்பு அச்சிலிருந்து வந்தவை. LIBERTY என்ற சொல்லின் T எழுத்தின் மேற்பகுதியில் சாய்வாக எழும்பிய ஒரு நுண்கோடு அந்த அச்சுக்கு உரியது. பிலடெல்பியாவின் 1893 டாலரில் S எழுத்தை ஒட்டவைப்போர் பின்பக்கத்தை எவ்வளவு அழகாகச் செய்தாலும், முகப்பில் அந்த நாணயம் தன் பிறப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. புகழ்பெற்ற 1804 டாலரின் வரலாறு இன்னும் வியப்பானது. அவற்றுள் முதல் வகை, சயாம் மன்னர், மஸ்கட் சுல்தான் போன்றோருக்குப் பரிசளிக்க 1834ஐ ஒட்டி அடிக்கப்பட்டது; மற்றவை அதற்கும் பிந்தியவை. 1804இல் அடிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. அறியப்பட்ட 15 நாணயங்களுக்கும் முகப்பு அச்சு ஒன்றே. 1800 முதல் 1803 வரையிலான டாலரின் கடைசி இலக்கத்தை 4ஆகத் திருத்தியவை அந்த அச்சோடு ஒத்துப்போவதில்லை.

இந்த நெறிக்கு ஓர் எல்லை உண்டு. அசல் நாணயம் ஒன்றிலிருந்தே அச்சு எடுத்து அடிக்கும் போலிகளில் முகப்பு அமைப்பும் அப்படியே இறங்கிவிடும். ஆண்டு எண்ணின் இடம், நுண்கோடு எல்லாம் சரியாகவே இருக்கும். அங்கே உதவுவது வேறொரு சான்று: மூல நாணயம் தன் வாழ்நாளில் பெற்ற தழும்புகளும் அச்சில் பதிந்துவிடுகின்றன. கன்னத்தில் ஒரு சிறு வெட்டு, தளத்தில் ஒரு கீறல் என ஒரே காயம் ஒரே இடத்தில் இரு நாணயங்களில் இருந்தால் இரண்டையும் ஐயுற வேண்டும். விபத்து அப்படித் துல்லியமாகத் திரும்ப நிகழாது. ஒற்றை நாணயத்தை மட்டும் பார்ப்பவரால் இதை அறிய இயலாது. பல நாணயங்களின் தெளிவான படங்களைச் சேர்த்துவைத்து ஒப்பிடுவோரால்தான் இயலும். சான்றளிப்பு நிறுவனங்களின் பிளாஸ்டிக் உறைகளையே போலியாகச் செய்யும் இக்காலத்தில், படத் தொகுப்புகளின் தேவை முன்னைவிடப் பெரிது.

எஞ்சியிருப்பது 12,000 என்னும் எண். பிலடெல்பியா 1895இல் புழக்கத்துக்கு அத்தனை டாலர்கள் அடித்ததாக அக்கசாலைக் கணக்கு கூறுகிறது. அவற்றில் ஒன்றுகூட மெய்ப்பிக்கப்படவில்லை. 1918இன் பிட்மன் சட்டத்தின்கீழ் அவை உருகிப்போயின என்பது ஒரு விளக்கம். அச்சட்டத்தால் 27,02,32,722 டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றில் 25,91,21,554 டாலர்களின் வெள்ளி, இந்திய ரூபாய்த் தட்டுப்பாட்டைச் சமாளிக்கப் பிரிட்டனுக்கு விற்கப்பட்டது. போர்க்காலத்தில் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாய் கேட்டு இந்திய மக்கள் திரண்டதன் விளைவு அது. மற்றொரு விளக்கம், அந்த 12,000 முந்தைய ஆண்டு எண் பொறித்தவை என்பது. இரண்டாவதே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது. சேகரிப்பாளருக்காக அடித்த 880இலேயே சில புழக்கத்தில் இறங்கித் தேய்ந்து கிடைக்கின்றன. புழக்கத்துக்கென்றே 12,000 அடித்திருந்தால், உருக்காலை நெருப்புக்கு முந்தைய இருபத்துச் சொச்சம் ஆண்டுகளில் ஒரு சிலவாவது வெளியே நழுவியிருக்கும்.

ஆகவே தேய்ந்த 1895 டாலர் ஒன்று கிடைத்தால், அது தேய்ந்த புரூஃபா, திருத்தப்பட்ட கிளை அக்கசாலை நாணயமா என்பதே முதற்கேள்வி. புரூஃபானால் எழுத்துகளின் இடுக்கிலும் பல்வரிசையின் மூலைகளிலும் கண்ணாடித் தளத்தின் எச்சம் பெரும்பாலும் தங்கியிருக்கும்; ஆண்டு எண்ணும் புரூஃப் அச்சோடு ஒத்துப்போகும். ‘காணாமற்போன பன்னிரண்டாயிரத்தில் ஒன்று’ என்று எவரேனும் முன்வைத்தால், பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று காட்டுவது போதாது. புரூஃப் அச்சுகளோடும் கிளை அக்கசாலைகளின் அறியப்பட்ட அச்சுகளோடும் பொருந்தாத ஒரு முகப்பைக் காட்ட வேண்டும். அதே முகப்பில் அடித்த இரண்டாவது நாணயம் ஒன்றையும், தழும்புகள் வேறுபட்ட நிலையில், காட்ட வேண்டும்.