எச்சரிக்கையும் காணியும்

மக்கள் பிரதிநிதியொருவர் அனர்த்தத் துறையின் பொறுப்பை ஏற்கும்போது அவர் கைக்கு வருவது யாது? மீரியபெத்தையின் வரலாறு இவ்வினாவுக்கு விடை கூறும்.

2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னர், 2005 இன் 13 ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தைத் தோற்றுவித்தது. அப்பேரலை அழித்த அம்பாந்தோட்டையின் பாராளுமன்ற உறுப்பினரான மகிந்த அமரவீர, பின்னர் அத்துறையின் அமைச்சரானார். அவர் காலத்தில், 2014 ஒக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிற்று.

அவ்விடம் ஆபத்தானதென 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆயின் மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று கேட்டோர் பலர். எங்கே போவார்கள் என்று கேட்டோர் சிலரே.

லயன் அறை தொழிலாளிக்குச் சொந்தமன்று, தோட்டத்துக்கு உரியது. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. வாக்கிழந்தோர் காணி கேட்பது எங்ஙனம்? எழுபதுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992 இல் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியோர்க்கும் குடியுரிமை தந்தது, காணி தரவில்லை. மீரியபெத்தையில் உயிர் தப்பியோர்க்கு வேறிடத்தில் வீடு கிடைத்தது, மலை சரிந்த பின்னரே.

எனவே ஒரு மனிதரைக் குற்றஞ்சாட்டுவது வரலாறாகாது. அமைச்சு எச்சரிக்கலாம், போக்கிடம் தரக் காணி வேண்டும். 2015 ஆட்சி மாற்றத்தோடு அமரவீர அத்துறையை விட்டகன்றார், லயன்கள் அகலவில்லை. 2025 நவம்பரில் தித்வா புயல்மழையில் பதுளை மலைகள் மீண்டும் சரிந்தன.

உழைப்போர்க்கு உறுதியான நிலத்தில் சொந்தக் காணி வழங்குவதே மலையகத்தின் முதல் அனர்த்தப் பாதுகாப்பு.