"முதலும் ஒரு கதை வந்ததுதானே": பழைய முறைப்பாடுகளும் நீதிமன்றமும்

ஒரு ஆசிரியரைப் பற்றியோ, விடுதிப் பொறுப்பாளரைப் பற்றியோ சிறுவர் துஷ்பிரயோக முறைப்பாடு ஒன்று வெளியில வந்தால், அடுத்த நாளே எங்கட ஊர்களில் ஒரு வசனம் கேட்கும்: "உவரைப் பற்றி முதலும் ஒரு கதை வந்ததுதானே." சொல்லுற ஆக்கள் அதை ஆதாரமாகத்தான் சொல்லுறார்கள். முதலும் நடந்திருக்கு, அப்ப இதுவும் உண்மை என்பது அவர்களுடைய கணக்கு. ஆனால் அதே கதை நீதிமன்றத்துக்குப் போனால் பெரும்பாலும் வாசலிலேயே மறிக்கப்படும். இந்த வழக்கில் இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள் என்று சட்டம் சொல்லும்.

இதைக் கேட்கும்போது எங்களில் பலருக்குக் கோபம்தான் வரும். குற்றம் செய்தவரைக் காப்பாற்றவா சட்டம் இருக்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் இந்த விதி எங்கிருந்து வந்தது, ஏன் வந்தது, எந்த இடத்தில் பிள்ளைகளுக்கு எதிராகத் திரும்பியது என்று பார்த்தால், கோபத்தோடு சேர்த்து வேறு சில கேள்விகளும் வரும்.

1892 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம். சிட்னியில் ஒரு வீட்டின் பின்வளவில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த ஒருவர் கைக்குழந்தைகளின் உடல்களைக் காண்கிறார். அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள் ஜோன் மேக்கின், சேரா மேக்கின் என்ற தம்பதி. திருமணமாகாத தாய்மாரிடமிருந்து சிறு தொகை ஒன்றை வாங்கிக்கொண்டு, பிள்ளையை நாங்கள் வளர்க்கிறோம் என்று பொறுப்பெடுப்பது இவர்களின் தொழில். பொலிஸார் இவர்கள் முன்பு இருந்த மற்ற வீடுகளின் வளவுகளையும் கிண்டினார்கள். பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உடல்கள் கிடைத்தன.

வழக்கு என்னவோ ஒரு குழந்தையின் கொலை பற்றியதுதான். மற்ற உடல்களைப் பற்றி ஜூரிக்குச் சொல்லலாமா என்ற கேள்வி லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் வரை போனது. பிரித்தானியக் குடியேற்ற நாடுகள் எல்லாவற்றுக்கும் மேலான நீதிமன்றம் அதுதான். 1970களின் தொடக்கம் வரை இலங்கைக்கும் அதுதான் கடைசிப் படி. 1893 டிசம்பரில் ஹேர்ஷல் பிரபு இரண்டு விதிகளைச் சொன்னார். முதலாவது: ஒருவர் முன்பு கெட்ட காரியம் செய்தவர், ஆகவே இதையும் செய்திருப்பார் என்று காட்டுவதற்காக மட்டும் பழைய செயல்களைக் கொண்டுவர முடியாது. இரண்டாவது: ஆனால் நடந்தது தற்செயலா, திட்டமிட்டதா என்பது போன்ற ஒரு கேள்விக்கு அந்தப் பழைய செயல்கள் பதில் தருமென்றால் கொண்டுவரலாம். ஒரு குழந்தை நோயால் இறந்தது என்று சொன்னால் நம்பலாம். குடியிருந்த வீடு வீடாக, வளவுக்குள் குழந்தைகளின் உடல்கள் இருந்தால் அதை யார் தற்செயல் என்பார்கள்?

இந்தத் தீர்ப்பு வந்து இரண்டு வருடத்தில், 1895 இல், இலங்கையின் சான்றுக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் அச்சு, ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் எழுதிய 1872 ஆம் ஆண்டு இந்தியச் சான்றுச் சட்டம். இன்றைக்கும் எங்கட நீதிமன்றங்களில் அதுதான் நடைமுறையில் இருக்கிறது. அதன் 54 ஆம் பிரிவின்படி, எதிரி தன்னை நல்லவர் என்று காட்ட முனையாத வரைக்கும் அவருடைய கெட்ட நடத்தை வழக்குக்குச் சம்பந்தமில்லாதது. 15 ஆம் பிரிவு, ஒரு செயல் தற்செயலா வேண்டுமென்றே செய்ததா என்ற கேள்வி எழும்போது, அது ஒரே மாதிரியான நிகழ்வுகளின் தொடரில் ஒன்று என்பதைக் காட்டலாம் என்கிறது. சட்டமே தருகிற உதாரணம் சுவாரசியமானது: ஒருவர் காப்புறுதிப் பணத்துக்காக வீட்டை எரித்தார் என்று வழக்கு. அவர் முன்பு இருந்த வீடுகளும் ஒவ்வொன்றாக எரிந்தன, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கம்பனியிடம் பணம் வாங்கினார் என்பதைச் சொல்லலாம்.

எரிந்த வீடுகளுக்கும் புதைத்த உடல்களுக்கும் இந்த விதி வடிவாகப் பொருந்தியது. பிள்ளைகளின் வாய்மொழி என்று வந்தபோதுதான் சிக்கல் தொடங்கியது. ஏனென்றால் இங்கே பெரும்பாலும் உடல் இல்லை, சாம்பல் இல்லை. ஒரு பிள்ளையின் சொல்லும், அதை மறுக்கிற ஒரு பெரியவரின் சொல்லும்தான் இருக்கும்.

1974 இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபைக்கு ஒரு வழக்கு வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த ஒரு ஆண்கள் விடுதிப் பாடசாலையின் தலைமை ஆசிரியர் போர்ட்மன் தான் எதிரி. ஒரு மாணவனின் சாட்சியம் மற்ற மாணவனின் சாட்சியத்துக்குப் பலம் சேர்க்கலாமா என்பதுதான் கேள்வி. சேர்க்கலாம் என்று தீர்ப்பு வந்தது, தண்டனையும் நிலைத்தது. ஆனால் அந்தத் தீர்ப்பிலிருந்து சட்டத்தரணிகள் எடுத்துக்கொண்டு போனது ஒரு சொற்றொடரை: சம்பவங்களுக்கு இடையில் 'வியக்கத்தக்க ஒற்றுமை' இருக்கவேண்டும். ஹெய்ல்ஷம் பிரபு அதற்கு ஒரு திருட்டு உதாரணம் சொன்னார். இரண்டு வீட்டிலும் திருடன் கீழ்மாடி யன்னலால் ஏறினான் என்றால் அதில் ஒன்றுமில்லை. இரண்டு வீட்டுக் கண்ணாடியிலும் லிப்ஸ்டிக்கால் ஒரே விசித்திரமான சின்னத்தை வரைந்துவிட்டுப் போனான் என்றால் அது ஒரே ஆள்தான்.

யோசித்துப் பார்த்தால் பிரச்சினை விளங்கும். பிள்ளைகளைத் துஷ்பிரயோகம் செய்கிற ஆக்கள் கண்ணாடியில் சின்னம் வரைவதில்லை. அவர்கள் கீழ்மாடி யன்னலால்தான் வருகிறார்கள். தனியாக வகுப்பு எடுப்பது, பரிசு கொடுப்பது, வீட்டாரோடு நெருங்கிப் பழகுவது, 'ஒருத்தரிட்டயும் சொல்லாதே' என்று சொல்வது. உலகம் முழுக்க இது ஒரே மாதிரித்தான் நடக்கிறது. பிள்ளைகள் சொன்னது சாதாரணமாக இருந்தது என்பதற்காகவே ஒரு பிள்ளையின் சொல் மற்றப் பிள்ளைக்கு உதவாமல் போனது. 1991 இல், இரண்டு மகள்மாரைத் துஷ்பிரயோகம் செய்த ஒரு தகப்பனின் வழக்கில், அந்த ஒற்றுமை கட்டாயமில்லை, சாட்சியத்தின் பலம் அது ஏற்படுத்தக்கூடிய தப்பெண்ணத்தை விட அதிகமா என்றுதான் பார்க்கவேண்டும் என்று பிரபுக்கள் சபை தன் வழியைத் திருத்தியது. 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இங்கிலாந்தில் வாசலை இன்னும் அகலத் திறந்தது.

அவுஸ்திரேலியா எதிர்ப்பக்கம் போனது. 1988 இன் ஹொக் வழக்கில் எதிரி ஒரு சிறுவர் இல்லத்தில் பகுதிநேரமாக வேலை செய்தவர். முறைப்பாடு செய்தது மூன்று சிறுவர்கள். அதில் இருவர் சகோதரர்கள், மற்றவன் அவர்களின் நண்பன். மூவரும் சேர்ந்து கதையைக் கட்டியிருக்க நியாயமான சாத்தியம் இருந்தால், ஒருவரின் சாட்சியத்தை மற்றவருக்குப் பலமாகக் கொண்டுவரவே முடியாது என்று அந்த நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் சொன்னது. கட்டினார்களா என்பதைத் தீர்மானிக்கிற வேலை ஜூரியிடம் போகவே இல்லை.

இதன் தர்க்கம் பிழை என்று சொல்ல முடியாது. ஒரு பிள்ளை பொய் சொல்லலாம். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பிள்ளைகள் வேறு வேறு காலத்தில் ஒரே பொய்யைச் சொல்வது கடினம். மூவரும் கலந்து பேசியிருந்தால் அந்தக் கணக்கு உடைந்துபோகும், உண்மைதான். ஆனால் ஒரு இல்லத்தில், ஒரு விடுதியில், ஒரு ரியூட்டரியில் இருக்கிற பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அறியாமல் இருப்பார்களா? ஒரு பிள்ளை முதலில் யாரிடம் சொல்லும்? சிநேகிதப் பிள்ளையிடம்தான். அந்தச் சிநேகிதமே பிறகு நீதிமன்றத்தில் சந்தேகத்துக்குக் காரணமாகிப் போனது. வழக்குகள் தனித்தனியாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு ஜூரியும் ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தது, மற்றப் பிள்ளைகள் இருப்பதே தெரியாமல்.

2013 இல் அவுஸ்திரேலியா நிறுவனங்களில் நடந்த சிறுவர் துஷ்பிரயோகம் பற்றி விசாரிக்க ஒரு அரச ஆணைக்குழுவை அமைத்தது. ஐந்து வருடத்தில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்கள் அதன் முன் தனியாக வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். இந்தச் சான்று விதியின் அடியில் கிடந்த பயத்தையும் ஆணைக்குழு பரிசோதிக்க வைத்தது. பழைய விசயங்களைக் கேட்டால் ஜூரி கண்ணை மூடிக்கொண்டு தண்டிக்கும் என்பது நூறு வருடமாக நீதிபதிகள் நம்பியது. ஒரே வழக்கைப் பல விதமாக வீடியோவில் எடுத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆக்களை 90 மாதிரி ஜூரிகளாக இருத்தி, அவர்கள் எப்படிக் கலந்துபேசி முடிவெடுக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பல பிள்ளைகளின் சாட்சியத்தைக் கேட்ட ஜூரிகள் அதிகமாகத் தண்டித்தார்கள்தான். ஆனால் அது வெறுப்பிலோ குழப்பத்திலோ நடந்ததற்குப் பெரிசாக அடையாளம் இல்லை. சாட்சியம் கூடுதலாக இருந்தது, அதை வைத்து முடிவெடுத்தார்கள். இதன் பிறகு 2020 இல் நியூ சவுத் வேல்ஸ் தன் சட்டத்தைத் திருத்தியது. எதிரிக்குப் பிள்ளைகள் மீது பாலியல் நாட்டம் இருந்ததைக் காட்டுகிற சாட்சியத்துக்குக் கணிசமான பலம் உண்டு என்று நீதிமன்றம் எடுத்துக்கொண்டு தொடங்கவேண்டும். கலந்து பேசியிருக்கலாம் என்ற சந்தேகம் வாசலில் மறிக்கக் காரணமில்லை, அதை ஜூரி எடைபோடட்டும்.

அப்ப எல்லா வாசலையும் திறந்துவிட்டால் சரியா? இந்த இடத்தில் கலிபோர்னியாவை மறக்கக்கூடாது. 1983 இல் மக்மார்ட்டின் என்ற முன்பள்ளியைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்தது. பிறகு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். மற்றப் பிள்ளைகள் எல்லாம் சொல்லிவிட்டார்கள், நீயும் சொல்லு என்கிற மாதிரிக் கேள்விகள். கதைகள் பெருகின, நிலத்துக்குக் கீழே சுரங்கம் இருந்தது என்பது வரைக்கும். ஏழு வருடம் இழுபட்டு, 1990 இல் ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமல் வழக்கு முடிந்தது. எண்ணிக்கை மட்டும் உண்மையாகாது என்பதற்கு இது சாட்சி. பிள்ளைகளின் சொல்லைப் பெரியவர்களே கெடுத்துவிட்டார்கள். உண்மையாகவே ஏதாவது நடந்திருந்தால்கூட அதைக் கண்டுபிடிக்க வழியில்லாமல் போனது.

இனி எங்கட பக்கம். இலங்கையில் பெரும்பாலான குற்ற வழக்குகளை ஜூரி இல்லாமல் நீதிபதிதான் விசாரிக்கிறார். ஆகவே ஜூரி மயங்கிவிடும் என்ற பழைய பயத்துக்கு இங்கே அவ்வளவு இடமில்லை. சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134 ஆம் பிரிவின்படி இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கும் இல்லை, ஒரு பிள்ளையின் நம்பத்தக்க சாட்சியமே போதும். 1999 இல் வந்த சட்டம், பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிந்து சான்றாகக் கொடுக்க இடமளித்தது. ஆனால் பழைய முறைப்பாடுகளைப் பொறுத்தவரை நாங்கள் இன்னும் எரிந்த வீட்டு உதாரணத்தோடுதான் நிற்கிறோம். 1895 இல் எழுதியது பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியதில்லை. அதைத் திருத்துவது பற்றிச் சட்டம் படிக்கிற எங்கட நண்பர்கள் கதைக்கத் தொடங்கவேண்டும்.

ஆனால் சட்டம் திருந்தினால்கூட, வாசலுக்குள் கொண்டுபோக எங்களிடம் என்ன இருக்கிறது? முதல் பிள்ளை சொன்னபோது யாராவது திகதி போட்டு எழுதி வைத்தார்களா? பொலிஸுக்கோ சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கோ அறிவித்தார்களா? அல்லது பாடசாலையின் பெயர் கெட்டுவிடும், பிள்ளையின் வாழ்க்கை பாழாகிவிடும் என்று சொல்லி ஆளுக்கு இடமாற்றம் வாங்கிக் கொடுத்தார்களா? இடமாற்றத்தோடு போகிறவர் புது ஊரில் புது ஆள். பழைய ஊரில் மிஞ்சுவது ஒரு கதை மட்டும். பத்து வருடத்துக்குப் பிறகு இன்னொரு பிள்ளை கூண்டில் ஏறி நிற்கும்போது, அந்தக் கதையால் அதற்கு ஒரு உதவியும் இல்லை. எந்த நீதிபதி நினைத்தாலும் எழுதப்படாததைக் கேட்க முடியாது.

ஆகவே ஒரு பிள்ளை எங்களிடம் சொன்னால், சொன்னதை அதன் சொல்லிலேயே எழுதி வைப்போம். துருவித் துருவிக் கேட்காமல், மற்றப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து விசாரிக்காமல், அதற்கென்று இருக்கிற ஆக்களிடம் அன்றைக்கே கொண்டுபோவோம். அடுத்த முறை யாராவது "முதலும் ஒரு கதை வந்ததுதானே" என்று சொன்னால், அந்த முதல் கதையை யாரிடம் கொடுத்தீர்கள் என்று அவரிடம் கேட்போம்.