வாசற்படிக்கு உள்ளே

காரைக்காலில் எங்கள் பாட்டி வீட்டுத் திண்ணை வரைக்கும் டாக்டர் வரலாம். அதற்கு மேல் மருத்துவச்சிக்குத்தான் வழி. "பிள்ளை பெறுகிற இடத்திலே ஆம்பிளைக்கு என்ன வேலை?" என்பாள் பாட்டி. அவள் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

1739-ல் காரைக்காலில் காலூன்றிய பிரெஞ்சுக்காரர்கள், 1823-ல் புதுச்சேரியில் வைத்தியப் பள்ளிக்கூடம் ஒன்று வைத்தார்கள். இன்றைய ஜிப்மருக்கு அதுதான் மூதாதை. நம்மவர்கள் அங்கே படித்துத் தேறினார்கள். ஆனால் பாட்டியின் வாசற்படியைத் தாண்ட அந்தப் படிப்புக்குத் தெரியவில்லை.

1977 அக்டோபர் 2-ல் டில்லி சர்க்கார் வேறு யோசனை செய்தது. ஆயிரம் பேருக்கு ஒருவர், அதே கிராமத்து ஆள். மூன்று மாதப் பயிற்சி, பிறகு மாதம் 50 ரூபாய். நல்ல யோசனைதான். ஆனால் திட்டம் நடந்த இடங்களில் பொறுக்கி எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்! இடுப்பு வலி கண்டவள் அந்த மனிதரிடம் என்ன சொல்லுவாள், நீங்களே சொல்லுங்கள்.

2005-ல் 'ஆஷா' திட்டம் வந்தபோதுதான், ஊரிலேயே குடியிருக்கும் பெண்ணைத் தேட வேண்டும் என்று விதித்தார்கள். மாதச் சம்பளம் மட்டும் வைக்கவில்லை. இன்ன வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை.

பாட்டியும் மருத்துவச்சிக்குச் சம்பளம் தந்ததில்லை. குழந்தை பிறந்தால் ஒரு மரக்கால் நெல், ஒரு பழஞ்சேலை.