தாது வருஷத்துக் கணக்கு

துன்பத்துக்கு அர்த்தம் உண்டு என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்க விரும்புவது, யாருடைய துன்பத்துக்கு என்பதுதான். தன் துன்பத்துக்கு என்றால் அங்கே எனக்குப் பேச ஒன்றுமில்லை. விக்டர் ஃப்ராங்கல் நாஜி முகாம்களிலிருந்து மீண்டு 1946-இல் வெளியிட்ட நூல் அந்த வகையைச் சேர்ந்தது. பட்டவரும் அவர், அதில் அர்த்தம் கண்டவரும் அவர். நம் இலக்கணப்படி அது தன்மையிடத்துக் கூற்று. அதே வாக்கியத்தைப் படர்க்கைக்கு மாற்றி, 'அவர்கள் பட்டதற்கு அர்த்தம் இருந்தது' என்று சொல்லும்போது அது வேறொரு காரியமாகிவிடுகிறது. எப்படி என்று காட்டச் செங்கல்பட்டுச் சீமையின் சரித்திரமே போதும்.

இது ஏரிப் பாசனப் பிரதேசம். ஆறு என்று சொல்லப் பாலாறு ஒன்றுதான், அதுவும் பெரும்பாலான மாதங்களில் மணல். நான் வசிக்கும் ஊரப்பாக்கத்திலிருந்து மதுராந்தகம் வரை எந்த ஏரியானாலும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே இருந்தது. 1876-இல் அந்த மழை பொய்த்தது. நடவு இல்லை, எனவே களையெடுப்பு இல்லை, அறுப்பு இல்லை, கூலி இல்லை. பஞ்சம் முதலில் நிலமில்லாதவர்களைத்தான் கொண்டுபோகும். சந்தையில் தானியம் இருந்தாலும் அதை வாங்க அவர்களிடம் கூலி இராது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலுமாக 50 லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள் என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு.

1877 ஜனவரி 1-ஆம் தேதி டில்லியில் லிட்டன் பிரபு தர்பார் நடத்தி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாகப் பிரகடனம் செய்தார். அதே மாதம் பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்த சர் ரிச்சர்ட் டெம்பிளை அனுப்பினார். டெம்பிள் 1874-இல் பீகார் பஞ்சத்தின்போது பர்மாவிலிருந்து அரிசி தருவித்துப் பெரும் சாவைத் தடுத்தவர். அதற்காகவே ஊதாரி என்று கண்டிக்கப்பட்டவர். சென்னை மாகாணத்தில் அவர் அந்தப் பெயரைப் போக்கிக்கொள்ள முனைந்தார். நிவாரண வேலையில் மண் வெட்டும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம், ஓரணா காசு. பெண்ணுக்கும் சிறுவருக்கும் அதைவிடக் குறைவு. மாகாணத்தின் சுகாதார கமிஷனர் கார்னிஷ் இதை எதிர்த்தார். ஒன்றரை ராத்தலாவது வேண்டும், கூடவே பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். மார்ச் மாதம் கூலி ஒன்றேகால் ராத்தலாகவும் ஒன்றரை அவுன்ஸ் பருப்பாகவும் உயர்ந்தது.

இந்த வழக்கில் என்னைக் கவர்வது கார்னிஷின் பாஷைதான். ராத்தல், அவுன்ஸ் தவிர அவர் வேறு எதுவும் பேசவில்லை. எதிர்த்தரப்பிடமோ அர்த்தங்கள் நிறைய இருந்தன. ஜனத்தொகை மிஞ்சினால் இயற்கை தானே சரிசெய்துகொள்ளும் என்ற மால்தஸின் தத்துவம் லிட்டனுக்குச் சௌகரியமாக இருந்தது. நம்மவர் கையிலும் கர்மவினை என்றொன்று ஆயத்தமாக இருந்தது. இரண்டும் படர்க்கைக் கூற்றுகள். இரண்டையும் சொன்னவன் அன்று சாப்பிட்டிருந்தான்.

மூன்றாவதாக ஓர் அர்த்தம் உண்டு. அது பின்னால் வந்தவர்களான நம்முடையது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரால் கால்வாய் ஒன்று கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் ஒட்டி மரக்காணம்வரை போகிறது. அதில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் ஏறத்தாழ 8 கிலோமீட்டர் துண்டு 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப்பேரலை வந்தபோது, ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து சென்னைவரை 310 கிலோமீட்டர் நீளத்துக்கு இக்கால்வாய் கடல்நீரை வாங்கிக்கொண்டது, 10, 15 நிமிஷத்தில் நீர் திரும்பியது, மீனவர் பலர் தப்பினர் என்று ஆய்வாளர் எழுதினர். உடனே மனம் ஒரு வாக்கியத்தைக் கட்டத் துடிக்கிறது: தாது வருஷத்தில் பட்டினியோடு வெட்டியவர்களின் உழைப்பு 127 வருஷம் கழித்து உயிர்களைக் காத்தது, அவர்கள் பட்டது வீண்போகவில்லை.

இந்த வாக்கியம் அழகாக இருக்கிறது. அதனாலேயே இதைச் சந்தேகிக்கிறேன். விவரமே முதலில் ஒட்டவில்லை; அந்த 310 கிலோமீட்டரில் பெரும்பகுதி பஞ்சக் கூலிகள் வெட்டியதல்ல, அதற்கும் முன்னாலேயே தொடங்கிய வேலை. அவர்கள் வெட்டிய துண்டின் மேல் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. வேலைக்குப் போகும் வழியில் சேப்பாக்கத்துக்கும் மயிலாப்பூருக்கும் இடையே ஜன்னலுக்குக் கீழே நான் பார்ப்பது சாக்கடை. விவரம் ஒட்டியிருந்தாலும் கணக்கு ஒட்டாது. வங்கிக் குமாஸ்தாவுக்கு இது எளிதில் தெரியும்: ஒருவன் பேரேட்டில் பற்றெழுதி இன்னொருவன் பேரேட்டில் வரவு வைத்து இரண்டும் நேராகிவிட்டன என்று கையெழுத்துப் போட முடியாது. 1880-இல் பஞ்சக் கமிஷன் அறிக்கையும் அதைத் தொடர்ந்து பஞ்ச விதிகளும் வந்தன. அவற்றால் பிற்பாடு பிழைத்தவர்கள் உண்டு. நல்லதுதான். ஆனால் அந்த வரவு செத்தவர்களுடையதல்ல.

அப்படியானால் பிறர் துன்பத்தைப் பற்றி எழுதுகிறவனுக்கு என்ன மிச்சம்? முன்னிலை மிச்சமிருக்கிறது என்று நினைக்கிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை அந்தப் பஞ்சத்தில் தன் பொருளைக் கொடுத்தார். கடவுளை விளித்துக் கீர்த்தனைகளும் பாடினார். சிவகங்கையில் வில்லியப்ப பிள்ளை இதைத் தலைகீழாக்கினார். அவருடைய 'பஞ்சலட்சணத் திருமுக விலாச'த்தில் மதுரைச் சொக்கநாதரே ஜனங்களைக் காப்பாற்றும்படி ஜமீன்தாருக்குத் திருமுகம் எழுதுகிறார். கடவுளும் மனுப் போட வேண்டிய காலம் என்பதைவிடப் பெரிய விமர்சனம் அந்த நூற்றாண்டுத் தமிழில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இருவரும் பஞ்சத்தை விளக்கவில்லை. யாரிடமோ கேட்கிறார்கள். வடலூரில் 1867-இல் தருமசாலை தொடங்கிய ராமலிங்கர் பசிக்கு அடுப்பு மூட்டினார். அந்த அடுப்பு பஞ்சத்திலும் எரிந்தது.

நம் கவிஞர்கள் இவர்களிடம் கற்க வேண்டியதுண்டு. ஆழிப்பேரலைக்குப் பிறகு கடலைத் தாயாகவும் காளியாகவும் ஆக்கி எழுதப்பட்ட கவிதைகளில் செத்தவர்கள் படிமத்துக்குக் கூலியாக மண் சுமக்கிறார்கள். டெம்பிளாவது ஒரு ராத்தல் கொடுத்தார்.

பஞ்சத்தை அனுபவித்தவர்கள் அதற்கு வைத்த பெயர் 'தாது வருஷத்துப் பஞ்சம்' என்பதுதான். காரணமோ, குற்றவாளியோ, படிப்பினையோ அந்தப் பெயரில் இல்லை, வெறும் வருஷம். அறுபது வருஷச் சுற்றில் அது 1936-இல் வந்தது, 1996-இல் வந்தது, 2056-இல் வரும். இவ்வளவு போதும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். நாம் அதற்கு மேல் சேர்ப்பதானால், ஒரு நாள் முழுக்க மண் வெட்டியவனுக்கு எத்தனை ராத்தல் என்பதைச் சேர்க்கலாம்.