ஈஸ்டுக்குள் தாவிய துணுக்கு

மைசூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கே.ஆர்.எஸ். சாலையோரம் செலுவாம்பா மாளிகை இருக்கிறது. உடையார் குடும்பத்து இளவரசி ஒருவருக்காக எழுப்பிய அரண்மனை. 1950 அக்டோபரில் அங்கே மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் திறக்கப்பட்டது. முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலிருந்து வந்தவர். மைசூர் அரசு கொடுத்த நிலத்தில் எழுந்த அந்தக் கழகத்தில்தான், 1940களில், எம்.கே. சுப்பிரமணியமும் பி. ரங்கநாதனும் ஈஸ்ட் செல்லுக்குச் சாயமேற்றி உட்கருவையும் குரோமோசோம்களையும் தேடிக்கொண்டிருந்தார்கள். ரொட்டியையும் சாராயத்தையும் புளிக்கவைக்கும் ஓர் உயிரிடம் பரம்பரையைப் பற்றிக் கேட்டவர்கள் அவர்கள். ஈஸ்டின் குரோமோசோம்கள் 16. ஆனால் அவை மிகவும் பொடியானவை. கண்ணால் எண்ணி முடிவுகட்ட அன்றைய நுண்ணோக்கிக்கு வலு போதாது.

சோளக் கதிரை ஆராய்ந்து, மரபணுத் துணுக்குகள் இடம்விட்டு இடம் தாவும் என்று பார்பரா மெக்ளின்டாக் சொன்னது ஈஸ்டுக்கும் பொருந்தும் என்று தெரிய 1979 வரை ஆயிற்று. அந்த ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் கேமரன், லோ, டேவிஸ் மூவரும் ஈஸ்டில் தாவும் துணுக்குகளைக் கண்டார்கள். அவற்றுக்கு ‘டிஒய்’ என்று பெயர். அவற்றில் டிஒய்1 என்பது ஏறக்குறைய 5,900 டிஎன்ஏ எழுத்து நீளம். அதன் இரு முனைகளிலும் ‘டெல்டா’ எனப்படும் முந்நூற்றுச் சொச்சம் எழுத்துகள் ஒரே மாதிரி இருக்கும்.

அது எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு மரபணுவுக்கு முன்னால், படியெடுப்பைத் தொடங்கச் சொல்லும் பகுதியில் உட்கார்ந்தால், அந்த மரபணுவின் போக்கே மாறிவிடும். 1980ல் ஃபிரெட் ஷெர்மன் குழுவினர் பார்த்த செல்லில், டிஒய் வந்து ஒட்டியதால் சிஒய்சி7 என்ற மரபணு வழக்கத்தைவிடச் சுமார் 20 மடங்கு புரதத்தைச் செய்தது. அதே ஆண்டு ரோடரும் ஜெரால்டு ஃபிங்கும் பார்த்தது இதற்கு நேர்மாறு: ஹிஸ்4 மரபணுவின் வாசலில் டிஒய் உட்கார, செல்லுக்கு ஹிஸ்டிடின் செய்ய வழியில்லாமல் போயிற்று. அந்த அமினோ அமிலம் இல்லாத தட்டில் அது வளரவில்லை.

டிஒய் எப்படித் தாவுகிறது என்பதை 1985ல் பூக்கே, கார்ஃபிங்கல், ஸ்டைல்ஸ், ஃபிங்க் நால்வரும் காட்டினார்கள். துணுக்குக்குள் ஓர் இன்ட்ரானைச் செருகி வைத்தார்கள். ஆர்என்ஏயாகப் படியெடுத்த பிறகுதான் செல் இன்ட்ரானை வெட்டி எறியும். புதிய இடத்தில் போய் இறங்கிய டிஒய்யில் அந்த இன்ட்ரான் இல்லை. ஆக, டிஒய் முதலில் ஆர்என்ஏ ஆகி, மறுபடி டிஎன்ஏவாகி, அப்புறம்தான் இறங்குகிறது. மற்ற மரபணுக்களின் படியெடுப்பைக் குலைக்கும் துணுக்குக்கே தாவுவதற்குப் படியெடுப்பு வேண்டும்!

இந்தக் கதையில் நான் அதிகம் மதிப்பது ஃபிரெட் வின்ஸ்டனின் பொறுமையை. சில செல்களில் டிஒய் கழன்றுபோகும். ஒரு டெல்டா மட்டும் ஹிஸ்4க்கு முன்னால் தங்கிவிடும். அந்தச் சிறு மிச்சமே போதும். படியெடுப்பு தன் இடத்தை விட்டு டெல்டாவிலேயே தொடங்கிவிடும். கிடைக்கும் நீளமான ஆர்என்ஏயால் பயனில்லை. வின்ஸ்டன் அப்படிப்பட்ட செல்களை ஹிஸ்டிடின் இல்லாத தட்டில் பரப்பி, மீண்டும் வளர்ந்த சிலவற்றைப் பொறுக்கினார். டெல்டா அங்கேயே இருந்தது. வேறெங்கோ இன்னொரு மரபணு கெட்டதால்தான் ஹிஸ்4 உயிர் பெற்றிருந்தது. அப்படிச் சிக்கிய மரபணுக்களுக்கு ‘எஸ்பிடி’ என்று பெயரிட்டு 1984ல் வின்ஸ்டன் குழுவினர் வெளியிட்டார்கள். கெட்டுப்போன மரபணுவைக் கெட்டதாகவே ஒதுக்காமல், அது முன்பு என்ன வேலை செய்தது என்று கேட்டதுதான் அவர்களின் பலம்.

பதில் ஒவ்வொன்றாக வந்தது. 1988ல், அவற்றில் இரண்டு, டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களுக்கான மரபணுக்கள் என்று தெரிந்தது. டிஎன்ஏயைச் சுற்றிவைக்கும் விதமே எங்கே படியெடுக்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதற்கு உயிருள்ள செல்லிலிருந்தே சான்று கிடைத்துவிட்டது. மறு ஆண்டு எஸ்பிடி15 என்னவென்று தெரிந்தது. ‘டாட்டா’ எனப்படும் எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டு படியெடுப்பைத் தொடங்கிவைக்கும் புரதம் அது. அதன் மையப் பகுதியை மனித செல்லில் உள்ள அதே புரதத்தோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 80 விழுக்காடு ஒன்றாகவே இருக்கிறது.